முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

கறுப்பு மை மூன்றாவது முறையும் தீர்ந்தது.
செட்டித் தெருவின் ஆரன் சத்தத்துக்கு நடுவே
ரெயூனியோன் தீவின் எரிமலையை
அச்செடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜோசியான் வேலாயுடோம்.
பெயரில் வேல், நாக்கில் பிரெஞ்சு,
காலில் மலை தின்ற பூட்ஸ்.
கொண்டுவந்தது பதினெட்டுப் படங்கள்.
பதினெட்டும் ஒரே இடம்.
வருடத்துக்கு ஒன்று, ஓர் இரும்பு முளை,
அதன் மேல் முக்காலி,
மழை விட்ட மறுநாள் காலை.

'ஒரே இடத்தையா?' என்றேன்
எனக்குத் தெரிந்த சொல்தா வீட்டுப் பிரெஞ்சில்.
'முதல் படத்துக்கு பூட்ஸின் அடி உருகிற்று'
என்று மட்டும் சொன்னாள்.

முதல் படம்:
கிண்டிக்கொண்டிருந்த அல்வாவை
யாரோ பாதியில் விட்டுப் போனதுபோல்
மடிப்பு மடிப்பாக இறுகிய தரை.
பிரதியைப் பார்த்து உதடு பிதுக்கினாள்.
'இது தார் ரோடு.'
சரிதான்.
என் இயந்திரத்துக்குத் தெரிந்த கறுப்பு ஒன்றே ஒன்று,
வக்கீல் கோட்டுக் கறுப்பு.
அவள் விரல் வைத்துக் காட்டினாள்:
இங்கே ஈயம், இங்கே துரு,
இந்த விளிம்பில் புறாக்கழுத்து.
நிழலை ஒரு புள்ளி திறந்தேன்.
இன்னொரு புள்ளி.
தரைக்குள்ளிருந்து தரை வந்தது.

நான்காம் படத்தில் ஏதோ வெள்ளை.
தூசி என்று நினைத்து அழிக்கப் போனேன்.
கையைப் பிடித்துவிட்டாள்.
தூசியில்லை; பிரியாணிக்குப் போடுவோமே கல்பாசி,
அதற்கு எங்கோ தூரத்துச் சொந்தம்.
நான்கு வருடம் கழித்து வந்த முதல் ஆள்.
அழித்திருப்பேன்.

பிறகு வெடிப்பில் ஒரு பெரணி,
பிறந்த குழந்தையின் காதுபோல் சுருண்டு.
பிறகு இரண்டு. பிறகு எண்ணவில்லை.
பதினாறில் இடுப்பளவு புதர்,
அதற்கென்று ஒரு நிழல்.
பதினேழில் முளையே இல்லை.
மேலே புது அல்வா.
பதினெட்டில் வேறொரு முளை, பளபளவென்று.

'நீங்கள் எதை எடுப்பீர்கள்?' என்று கேட்டாள்.
சுவரைக் காட்டினேன்.
பாஸ்போர்ட் படங்கள்.
காது தெரியணும், கண்ணாடி கழற்றணும்,
வாய் மூடியிருக்கணும்,
பல் தெரிந்தால் கொன்சுலாவில் திருப்பிவிடுவார்கள்.

சொல்லவில்லை அவளிடம் இதை:
மதலேன் சவரிராயன்,
வீராம்பட்டினம் கடலில் மகனைக் கொடுத்த மாதம்
பழைய பாஸ்போர்ட் காலாவதியாகி
இந்த முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.
சிரிக்காதீங்க என்று சொல்லத் தேவைப்படவில்லை.
விளக்கு இரண்டையும் கூட்டினேன்,
முகத்தில் எதுவும் எழும்பவில்லை.
படம் ஒரே தடவையில் தேறிற்று.

பத்து வருடம்.
போன ஆவணியில் மறுபடி வந்தார்.
அதே சுவர், அதே முக்காலி.
வெளியே யாருடைய ஸ்கூட்டரோ
எருமைக்கன்று மாதிரிக் கத்தியது,
அவருடைய வாயின் இடது ஓரத்தில்
என்னவோ முளைத்தது.
கிளிக்.

'மதாம், சிரிக்கக் கூடாது.'

நான்தான் சொன்னேன்.
சட்டென்று மூடிக்கொண்டார்.
ஒழுங்கான படம் எடுத்து, எட்டுப் பிரதி வெட்டி,
ரசீதும் போட்டேன்.

இடது ஓரம் இன்னும் என் கணினியில் இருக்கிறது,
'ஆகாதவை' என்கிற கோப்புறையில்,
கண் மூடினவர்கள், தும்மினவர்களோடு.
பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.
எவ்வளவு பெரிதாக்கினாலும்
அது தூசியில்லை.

ஜோசியான் பணத்தை எண்ணி வைத்தாள்.
அடுத்த வருடம் பத்தொன்பதா, மூன்றா,
எப்படிக் கணக்கு என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்.

பதினெட்டாவது இன்னும் ஈரம்.
மின்விசிறியை நிறுத்தினேன்.
வியர்த்துக்கொண்டு இரண்டு பேரும்
கறுப்பு காயக் காத்திருந்தோம்.